தலை ஒரு ஃபைல், கால் ஒரு ஃபைல்

ஜனவரி பிறந்துவிட்டால், வெப்சைட் செய்து பிழைத்தவர்களுக்கு ஒரு வேலை தயாராக நிற்கும். சைட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில், காப்புரிமைக் குறிக்கு அருகே இருக்கும் ஆண்டை மாற்றவேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று இன்று கேட்பார்கள். கரூரில் திரைச்சீலை ஏற்றுமதி செய்பவருக்கும் திருப்பூரில் பனியன் போடுபவருக்கும் கோடம்பாக்கத்து மாடிப் போர்ஷன் ஒன்றில் உட்கார்ந்து நாங்கள் சைட் கட்டிக்கொடுத்த காலம் அது. 2000-க்குக் கொஞ்சம் முன்னும் பின்னும். முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், தொடர்புக்கு என்று நாற்பது ஐம்பது பக்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தனி ஃபைல். ஒவ்வொன்றிலும் அதே தலை, அதே இடதுபக்க மெனு, அதே கால். ஒவ்வொன்றையும் நோட்பேடில் திறந்து, ஆண்டைத் தேடி, மாற்றி, சேமித்து, எஃப்டிபி வழியாக மேலே ஏற்றிவிட்டு, மோடத்தின் கூச்சலிலிருந்து தப்பித்து டீக்கடைக்குப் போவோம். திரும்பி வந்தால் லைன் அறுந்திருக்கும். எந்தப் பக்கம் வரைக்கும் ஏறியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே பொங்கல் முடியும்வரை பாதி சைட் புது வருஷத்திலும் மீதி போன வருஷத்திலும் வாழ்ந்துகொண்டிருக்கும். யாரும் கேட்டதில்லை.

கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒரு சுகம் இருந்தது. பக்கம் என்றால் ஒரே ஃபைல். திறந்தால் தலை முதல் கால் வரை அத்தனையும் அங்கேயே இருக்கும். கர்சரை மேலே வைத்து அம்புக்குறியை அழுத்திக்கொண்டே வந்தால் பக்கம் முழுவதும் கண்முன்னால் நடந்து போகும். எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிவதற்காக ‘மெனு ஆரம்பம்’, ‘மெனு முடிவு’ என்று எச்டிஎம்எல் கமெண்ட்டாக நானே கைப்பட எழுதி வைப்பேன். அதைவிடப் பெரிய சுகம் பிறர் வீட்டை எட்டிப் பார்ப்பது. நல்லதாக ஒரு சைட் கண்ணில் பட்டால் வலது கிளிக், ‘வியூ சோர்ஸ்’, அவ்வளவுதான். அமெரிக்காவில் எவனோ ராத்திரி கண்விழித்துப் போட்ட டேபிளுக்குள் டேபிள் அத்தனையும் பிரவுசிங் சென்டரில் ஃபிளாப்பிக்கு வந்துவிடும். நாங்கள் தொழில் கற்றுக்கொண்ட கல்லூரி அதுதான். கட்டணம் மணிக்கு முப்பதோ நாற்பதோ ரூபாய்.

தமிழ் சைட் என்றால் சோதனை இன்னும் ஒரு படி மேல். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்த பிறகும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. பார்ப்பவருடைய கணினியில் எழுத்துரு இருக்கிறதோ இல்லையோ என்ற பயத்தில் தலைப்பையும் மெனுவையும் ஜிஃப் படமாகவே செய்துவிடுவோம். மெனுவில் ஒரு ‘ற’ போய் ‘ர’ வந்துவிட்டால் போட்டோஷாப்பைத் திறக்கவேண்டும். ஆனாலும் படம் ஒன்றுதானே? மாற்றிய படத்தை அதே பெயரில் ஏற்றினால் ஐம்பது பக்கத்திலும் ஒரே நொடியில் மாறிவிடும். ஒன்றைச் செய்து பலவிடத்தில் வைப்பது என்ற பெரிய தத்துவத்தை எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஓர் எழுத்துப்பிழைதான்.

அந்தத் தத்துவத்தைப் படத்துக்கு மட்டுமின்றிப் பக்கத்துக்கே நீட்டிய முதல் வித்தை ஃபிரேம். 1996-இல் நெட்ஸ்கேப் 2.0-வோடு வந்தது. திரையை வெட்டி இடப்பக்கம் மெனுவுக்கு ஒரு ஃபைல், வலப்பக்கம் விஷயத்துக்கு ஒரு ஃபைல். மெனுவை ஒருமுறை எழுதினால் போதும். எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளரிடம் ‘மூணு ஃபிரேம் சார், லேட்டஸ்ட் டெக்னாலஜி’ என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசும் கேட்டேன். அவரும் கொடுத்தார் என்பதுதான் அந்தக் காலத்தின் அழகு. வலைப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1996 கடைசியிலேயே ஃபிரேம் வேண்டாம் என்று எழுதிவிட்டார். உள்ளே எந்தப் பக்கத்துக்குப் போனாலும் முகவரி மாறாது, புக்மார்க் வைக்க முடியாது, தேடுபொறி வழியாக வருகிறவர் மெனு இல்லாத அநாதைப் பக்கத்தில் வந்து விழுவார் என்பதெல்லாம் உண்மை. அதையெல்லாம் படித்து மனம் மாறுகிற வயதா அது? பின்னாளில் எச்டிஎம்எல் 5 வந்து ஃபிரேம்செட்டை வழக்கொழிந்த பட்டியலில் சேர்த்தபோது நான் நிம்மதிப் பெருமூச்சு விடும் கட்சியில் இருந்தேன். கட்சி மாறிய தேதி நினைவில் இல்லை.

பிறகு பிஎச்பி. தலையை ஒரு ஃபைலில் வைத்து, காலை ஒரு ஃபைலில் வைத்து, பக்கத்தின் மேலே ஒரு இன்க்ளூட், கீழே ஒரு இன்க்ளூட். நடுவில் சரக்கு. இதே வித்தை அப்பாச்சியின் எஸ்எஸ்ஐயிலும் மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பியிலும் ஏற்கெனவே இருந்தது என்றாலும், மலிவு ஹோஸ்டிங்கில் கிடைத்தது பிஎச்பி என்பதால் எங்கள் தலைமுறைக்கு விடுதலை அதன் கையால்தான் வந்தது. விடுதலை என்று சொன்னேனே தவிர, அதற்கு ஒரு வினோதமான உடலமைப்பு இருந்தது. தலை ஃபைல் ஒரு டேபிளைத் திறக்கும், ஒரு வரிசையைத் திறக்கும், ஓர் அறையைத் திறக்கும், எதையும் மூடாது. அத்தனையையும் மூடுகிற பொறுப்பு கால் ஃபைலுக்கு. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் தவறு, சேர்த்தால் சரி. கால் ஃபைலில் யாரோ ஒரு மூடும் குறியை மிகையாகப் போட்டுவிட, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழு சைட்டும் இடப்பக்கம் சாய்ந்துவிடும். சனிக்கிழமை அதற்காகவே ஆபீஸ் வருவோம். ஃபைலின் கடைசியில், பிஎச்பி முடிந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வெற்று வரி இருந்தாலும் போதும், ‘ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று சர்வர் அழத் தொடங்கும். ஒன்றும் இல்லாத ஒரு வரியைத் தேடிப் பிடித்து அழித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இந்நேரம் சிரிப்பார்கள்.

ஜனவரி வேலையும் போயிற்று. காலில் ஆண்டை எழுதுவதற்குப் பதில் இன்றைய தேதியிலிருந்து எடுத்துப் போடு என்று ஒரு வரி. அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! ஆனால் முன்பெல்லாம் காலில் இருக்கும் ஆண்டைப் பார்த்தால் சைட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். 2003 என்று நின்றிருந்தால் முதலாளி கடையை மூடிவிட்டார் என்று பொருள். இப்போது கம்பெனி கலைந்து, தொலைபேசி எண் கைமாறி, ஹோஸ்டிங் கட்டணம் மட்டும் யாருடைய கார்டிலிருந்தோ போய்க்கொண்டிருக்கும் சைட்கூட ஒவ்வொரு ஜனவரியிலும் நள்ளிரவுக்குத் தவறாமல் புத்தாண்டு கொண்டாடுகிறது.

ரூபி ஆன் ரெயில்ஸ் எனக்குக் கிடைத்தது இந்தப் பின்னணியில். டேனிஷ்காரரான டேவிட் ஹைனமையர் ஹான்சன் பேஸ்கேம்ப் என்ற செயலியைக் கட்டும்போது அதிலிருந்து பிரித்தெடுத்து 2004 ஜூலையில் வெளியிட்டது. ஒரு வலைப்பதிவைப் பதினைந்து நிமிஷத்தில் அவர் கட்டிக்காட்டும் வீடியோவை ஆபீஸே கூடிநின்று பார்த்தது. அதில் முதலில் என்னைக் கவர்ந்தது லேஅவுட். தலையும் காலும் ஒரே ஃபைலில், திறந்தது அங்கேயே மூடி, நடுவில் மட்டும் ஓர் ஓட்டை. பக்கம் அந்த ஓட்டைக்குள் வந்து உட்காரும். இடுப்பில் வெட்டுப்பட்டுக் கிடந்த உடம்பு ஒருவழியாக ஒட்டியது. அடுத்தது பார்ஷியல். பக்கத்தின் ஒரு துண்டைத் தனி ஃபைலில் எழுதி, ஃபைல் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு வைத்துவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் ரெண்டர் என்று கூப்பிடலாம். கூப்பிடும்போது அடிக்கோடு கூடாது. அதையும் சேர்த்துக் கூப்பிடும் புதியவருக்கு ரெயில்ஸ் இரண்டு அடிக்கோடு உள்ள ஃபைலைத் தேடிப்போய்க் காணோம் என்று கைவிரிக்கும். எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

வெறும் இன்க்ளூடுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சின்ன வயதில் பார்த்த கல்யாணப் பத்திரிகை அச்சகம்தான் ஞாபகம் வருகிறது. வைகாசி முகூர்த்தம் நெருங்கிவிட்டால் அங்கே ஒவ்வொரு பத்திரிகையையும் முதலிலிருந்து எழுத்துக் கோர்க்க மாட்டார்கள். ‘நிகழும் மங்களகரமான’ என்பதிலிருந்து சுற்றமும் நட்பும் வரைக்கும் ஈய எழுத்தில் கோர்த்துக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். மணமகன், மணமகள், நாள், நட்சத்திரம், மண்டபம் என்று சில இடங்கள் மட்டும் மாறும். அந்த ‘சில இடங்கள்’தான் ரெயில்ஸில் லோக்கல்ஸ். இன்னார் பெயர், இன்ன தேதி என்று கூப்பிடுகிறவர் கொடுக்கவேண்டும். துண்டு அதை வாங்கிப் பொருத்திக்கொள்ளும். அச்சகத்தில் அவசரத்தில் பழைய மணமகன் பெயர் அப்படியே தங்கிவிட்டால் கலவரம் ஆகிவிடும். ரெயில்ஸிலும் அதற்கு வழி இருந்தது: பெயருக்கு முன்னால் அட் குறி போட்ட மாறிகள். கேட்காமலே எல்லாத் துண்டுக்குள்ளும் புகுந்துவிடும். கொடுத்தவர் யார் என்று தெரியாமலே துண்டு அதை எடுத்து அச்சடித்துவிடும்.

ஐம்பது பின்னூட்டங்கள் இருந்தால் ஒரு பின்னூட்டத்துக்கான துண்டை மட்டும் எழுதி, மொத்தப் பட்டியலையும் அதனிடம் கொடுத்துவிட்டால் போதும், ஐம்பது முறை அச்சாகும். 2006-இல் வந்த ரெயில்ஸ் 1.1-இல் இன்னும் ஒரு ஜாலம்: யாராவது புதிதாகப் பின்னூட்டம் போட்டால், சர்வர் அதே துண்டை அந்த ஒன்றுக்கு மட்டும் அச்சடித்து பிரவுசருக்கு அனுப்பும், பக்கம் அசையாமல் அது பட்டியலின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். முழுப் பக்கத்துக்கும் அதே துண்டு, துளிக்கும் அதே துண்டு. முதல்முறை அது வேலை செய்ததைப் பார்த்த மாலையில் நான் கோடம்பாக்கத்திலிருந்து வடபழனி வரை காரணமில்லாமல் நடந்தேன்.

அதன் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சொல்ல கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சிரிப்பாகவும் இருக்கிறது. ‘ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதாதே’ என்ற வேதம் எங்கள் தலைக்கு ஏறியிருந்தது. ஆண்டி ஹன்ட்டும் டேவ் தாமஸும் 1999-இல் தங்கள் புத்தகத்தில் அதைச் சொன்னபோது அறிவைப் பற்றித்தான் சொன்னார்கள். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது என்று. நான் அதை எச்டிஎம்எல் வரிகளைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். எங்கே இரண்டு வரி ஒன்றுபோல் தெரிகிறதோ அங்கே கத்தியோடு போய் நிற்பேன். படிவம் ஒரு துண்டு, சரி. படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு துண்டு. கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சிவப்பு நட்சத்திரமும் ஒரு துண்டு. அந்த நட்சத்திர ஃபைலில் இருந்தது ஒரே ஒரு வரி. அதைக் கூப்பிட எழுதிய வரி அதைவிட நீளம். அடிக்கோடு போட்ட ஃபைல்கள் ஃபோல்டரில் வரிசையாக நிற்பதைப் பார்த்து அன்று நான் அடைந்த பரவசத்தை இன்று என் பிள்ளைகளிடம் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

வெளிநாட்டுப் புத்தகக்கடை ஒன்றின் சைட் அப்போது எங்களிடம் இருந்தது. அட்டைப்படம், பெயர், ஆசிரியர், விலை, ‘வாங்கு’ பட்டன்: ஒரு புத்தகத்துக்கான கார்டை ஒரு துண்டாக எழுதினோம். முகப்பிலும் தேடலிலும் அதே கார்டு, கைதட்டல். பிறகு கூடைப் பக்கத்தில் பட்டன் வேண்டாம் என்றார்கள்; ஒரு ‘இஃப்’ போட்டோம். பக்கவாட்டில் சிறியதாக வேண்டும் என்றார்கள், இன்னொரு ‘இஃப்’. இனி வரவிருக்கும் புத்தகத்துக்கு விலை காட்டக்கூடாது. இமெயிலில் அனுப்பும்போது ஸ்டைல் எல்லாம் வரியிலேயே எழுதவேண்டும். நிர்வாகி பார்த்தால் திருத்தும் சுட்டி வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘இஃப்’. கடைசியில் அந்தக் கார்டைக் கூப்பிடுவதற்கு எழுதவேண்டிய வரி, கார்டையே எழுதுவதைவிட நீளமாகி, கார்டுக்குள்ளே புத்தகத்தைத் தேடவேண்டியதாயிற்று. ஓரிடத்தில் தொட்டால் ஐந்து இடத்தில் மாறும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம். இப்போது ஓரிடத்தில் தொட்டால் ஐந்து இடத்தில் மாறிவிடுமே என்ற பயத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒருநாள் கேட்டான்:

“அண்ணா, இந்த ‘வாங்கு’ பட்டன் எந்த ஃபைல்ல இருக்கு?”

“எந்தப் பக்கத்துல பாக்கறே?”

“தேடல்ல.”

“அப்ப கார்டுல பாருப்பா.”

“கார்டு, ஆக்‌ஷன்ஸ்னு இன்னொரு பார்ஷியலைக் கூப்பிடுது.”

“அதுக்குள்ள போ.”

“போனேன். அது பட்டன்னு இன்னொண்ணைக் கூப்பிடுது.”

“அதான், வந்துட்டியே.”

“அது ஒரு ஹெல்ப்பரைக் கூப்பிடுதுண்ணா.”

எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நிறத்தை மாற்றச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. பக்கம் என்று ஒரு பொருள் எங்கேயும் இல்லை. அது அச்சாகும் அந்தக் கணத்தில் மட்டும் பிறந்து மறைகிறது. அம்புக்குறியை அழுத்திக்கொண்டு தலையிலிருந்து கால்வரை நடந்துபோக இப்போது தெருவே கிடையாது. 2020 கடைசியில் வந்த ரெயில்ஸ் 6.1-இல் ஒரு வசதி தந்தார்கள்: ஆன் செய்தால், ஒவ்வொரு துண்டும் எந்த ஃபைலிலிருந்து வந்தது, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எச்டிஎம்எல் கமெண்ட்டாக சர்வரே பக்கத்தில் எழுதிவிடும். ‘மெனு ஆரம்பம்’, ‘மெனு முடிவு’. நான் கைப்பட எழுதியபோது அதற்கு வெர்ஷன் எண் எல்லாம் கொடுக்கவில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துண்டு என்பது பார்ப்பதற்குச் சாது. உள்ளே ‘இந்தப் பின்னூட்டத்தை எழுதியவர் பெயர்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்காக அது டேட்டாபேஸ் வரைக்கும் ஒருமுறை போய்வரும். ஐம்பது பின்னூட்டம் என்றால் ஐம்பத்தொரு முறை, ஐம்பதையும் எடுத்துவந்த முதல் பயணத்தையும் சேர்த்து. முழுப் பக்கமும் ஒரே ஃபைலாக இருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். துண்டுக்குள் ஒளிந்துகொண்டதால் படவில்லை. எழுதியவர்களையும் முன்கூட்டியே சேர்த்துக் கொண்டுவந்துவிடு என்று சொன்னால் தீர்ந்தது. 2013-இல் ரெயில்ஸ் 4 வந்தபோது, அச்சான துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக எடுத்துவைக்கும் ரஷ்யப் பொம்மை முறையும் கூடவே வந்தது. அதில் கடைக்குட்டி மாறினால் அப்பா, தாத்தா வரைக்கும் சொல்லி அனுப்பவேண்டும். சொல்லாமல் விட்ட வீடுகளில் பழைய விலை பலநாள் தங்கியது.

அதே 2013-இல்தான் ஃபேஸ்புக்கிலிருந்து ரியாக்ட் வெளியே வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல்லா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களே வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதைத்தான் கேட்டார்கள். துண்டு போடும் தொழில் சர்வரிலிருந்து பிரவுசருக்கு இடம்பெயர்ந்தது, அதன் பெயரும் காம்பொனென்ட் என்று மாறியது. நான் வெட்டிய நட்சத்திரத்தைவிடச் சின்னத் துண்டுகளை என் பையன்கள் வெட்டினார்கள். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, பரம்பரைப் புத்தி. சர்வர் அனுப்பியது வெறும் தகவல்; பக்கத்தைக் கட்டுவது வாடிக்கையாளரின் செல்போன் பாடு. அப்படிக் கட்டிய ஒரு சைட்டில் ஆசையாக ‘வியூ சோர்ஸ்’ போட்டுப் பார்த்தேன். காலியாக ஒரு டிவ், கீழே ஸ்கிரிப்டுக்கு ஒரு சுட்டி. எட்டிப் பார்க்க வீட்டுக்குள் ஆளே இல்லை.

இதற்கும் ஒரு சுற்று வந்தது. 2020 டிசம்பரில், ஒரே வாரத்தில், ரியாக்ட் குழுவினர் காம்பொனென்டை மறுபடியும் சர்வரிலேயே அச்சடிக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். ரெயில்ஸ்காரர்கள் ஹாட்வயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஹாட்வயரில் என்ன விசேஷம்? சர்வர் ஒரு துண்டு எச்டிஎம்எல்லை அச்சடித்து அனுப்பும், பக்கம் அசையாமல் அது தன் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். என்னை வடபழனி வரை நடக்கவைத்த அதே ஜாலம். பக்கத்தை அதற்காகப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். அந்தப் பகுதிக்கு டர்போ ஃபிரேம் என்று பெயர். பழைய ஃபிரேமின் பாவங்கள் பெரும்பாலும் இதற்கு இல்லை என்பது நியாயமாகச் சொல்லவேண்டியது. ஆனாலும் மூணு ஃபிரேமுக்குத் தனியாகக் காசு கொடுத்த அந்த வாடிக்கையாளருக்கு போன் போட்டு, ‘சார், மறுபடி லேட்டஸ்ட் ஆயிடுச்சு’ என்று சொல்லலாமா என்று கை பரபரத்தது உண்மை. 2023-இல் வந்த ரெயில்ஸ் 7.1-இல் துண்டின் முதல் வரியிலேயே, எனக்கு இன்ன இன்ன லோக்கல்ஸ்தான் வேண்டும், வேறு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று எழுதிவைக்கலாம். அச்சகத்துக்காரர் அன்றே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்.

இப்போது யாராவது என்னிடம், இதைத் தனித் துண்டாகப் பிரிக்கலாமா என்று கேட்டால், மூன்றாவது இடத்தில் தேவைப்படட்டும், பார்க்கலாம் என்கிறேன். வயதானவர் சோம்பலுக்குத் தத்துவம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு பிரித்துவிடுகிறார்கள். பிரிக்கட்டும்.

உங்களில் யாரிடமாவது அந்தக் காலத்து சைட் ஒன்று பழைய சிடியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ கிடந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 2006-இல் எழுதிய என் ரெயில்ஸ் செயலியை இன்றைய ரூபியில் ஓட்ட முடியவில்லை. அதற்கென்று பழைய ரூபியைத் தேடி நிறுவவேண்டும், அந்தப் பழைய ரூபி புதிய கணினியில் நிறுவ மறுக்கும். ஐம்பது முறை ஒட்டிய தலையோடும் ஐம்பது முறை ஒட்டிய காலோடும் இருக்கும் அந்த எச்டிஎம்எல் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். இன்றைய குரோமில் திறக்கும்; ஃபிரேம் போட்டிருந்தாலும் திறக்கும்.